சில மில்லிலீற்றர்

பட்டிப்பொலைக்கு வருகிறவர்கள் ஸ்டேஷன் பலகையோடு படமெடுத்துக்கொண்டு போவார்கள். கடல்மட்டத்திலிருந்து 1,891 மீற்றர். இலங்கையில் இதைவிட உயரத்தில் ரயில் நிலையம் இல்லை. இருக்கட்டும். இந்த மலைப்பக்கத்தில் நான் ரசிக்கும் பொருள் வேறு: கர்ப்பிணித் தாய்மாரின் கிளினிக்கில் எடுக்கப்படும் சில மில்லிலீற்றர் இரத்தம்.

இரத்த வகை பார்க்கவும் அதுதான், சிபிலிஸ், எச்.ஐ.வி. பார்க்கவும் அதுதான். "உனக்கு மட்டும் ஏன் எடுத்தாங்க?" என்று தோட்டத்து லயத்தில் எவரும் கேட்க வழியில்லை; எல்லாருக்கும்தான் எடுக்கிறார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய காம்பராக்களில், இருமினாலே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் இடத்தில், இதைவிடக் கெட்டிக்காரத்தனமான மறைப்பு எனக்குத் தெரியவில்லை.

எச்.ஐ.வி. தொற்று தெரிந்தால் தாய்க்கு உடனே மாத்திரை, பிறந்ததும் பிள்ளைக்கும் மருந்து. வைரஸ் கட்டுப்பட்டுவிட்டால் பிள்ளைக்குப் போகும் வாய்ப்பு மிகமிகக் குறைவு. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிஸ் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று தந்தது. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் பிள்ளைகளில் புதிய தொற்று 50க்கு மேல் போகக்கூடாது என்பது அதன் அளவுகோல்களில் ஒன்று.

அந்தச் சான்றில் மருத்துவமாதுகளின் கால்வலிக்கும் பங்குண்டு. மழையில் வழுக்கும் படிக்கட்டில் ஏறி, "கிளினிக்குக்குக் கட்டாயம் வாங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போனாலும் பரவாயில்லை என்று ஒரு பெண்ணைக் கிளம்ப வைப்பது ஊசி குத்துவதைவிடக் கஷ்டமான வேலை.