வேடமும் வரம்பும்

பலர் ஒருங்கு கூடி, ஆளுக்கொரு வேடம் ஏற்று, கற்பனையுலகொன்றில் உறைந்து ஆடும் ஆட்டம் இக்காலத்து இணையவழி விளையாட்டுகளால் உலகெங்கும் பரவியுள்ளது. அவ்வாட்டத்தில் இளைஞர் பல நாழிகை தோய்ந்து கிடப்பதைக் கண்டோர் அதனைக் கண்மயக்கு என்று இகழ்வர். ஆடுவோரோ அதனினும் மேலான இன்பம் பிறிதில்லை என்பர். இவ்விரு கூற்றுக்கும் அடிப்படையாய் நிற்கும் வினா ஒன்றே. ஆடுவோனை ஆட்டத்துள் ஈர்த்து உவகை பயப்பது யாது? இதற்கு விடை காணப் புத்தளம் மாவட்டக் கரையோரத்து மக்களின் விழாவும் தொழிலும் பெரிதும் துணைபுரிவனவாம்.

காட்சியின் சிறப்பே ஈர்ப்புக்குக் காரணம் என்பது பலர் கொள்கை. ஓவியம் போன்ற மலையும் ஆறும், உயிருடையன போல் அசையும் உருவங்களும் ஆடுவோன் மனத்தைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. எனினும் அவையே காரணம் எனின், 1978இல் இங்கிலாந்தின் எசெக்சுப் பல்கலைக்கழகத்தில் ரோய் டிரப்சோ, ரிச்சர்ட் பார்ட்டில் என்னும் மாணவர் இருவர் ஆக்கிய ஆட்டம் எவரையும் கவர்ந்திராது. 'மட்' எனப் பெயர்பெற்ற அவ்வாட்டத்தில் படம் ஒன்றேனும் இல்லை. வழியும் வாயிலும் பகையும் பொருளும் யாவும் எழுத்தாலேயே உணர்த்தப்பெற்றன. அங்ஙனமிருந்தும் இன்றைய இணையவழி வேட ஆட்டங்கள் அனைத்திற்கும் அதுவே தாயாயிற்று. ஆதலின் காட்சி துணைக்காரணமேயன்றி முதற்காரணம் அன்று.

தமிழ் மரபு இதனை முன்னரே உணர்ந்திருந்தது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நிலைக்களன் நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக வைத்தார். செல்வமும் புலனும் புணர்வும் நிற்கும் வரிசையில் விளையாட்டும் நிற்றல் நோக்கற்பாலது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையோ பலர் கூடி வேடமேற்கும் ஆட்டத்திற்குச் சான்றாகவே அமைந்துள்ளது. பால் உறையாமை முதலிய தீநிமித்தம் கண்ட மாதரி, ஆயர்மகளிர் எழுவரை நிறுத்தி ஏழிசையின் பெயரை அவர்க்கு இடுகின்றாள். குரல் என நின்றவள் மாயவன் ஆகின்றாள். இளி பலராமன் ஆகின்றாள். துத்தம் நப்பின்னை ஆகின்றாள். அரங்கமோ திரையோ ஆங்கில்லை. ஒருத்தி பெயரிட, மற்றையோர் அதனை ஒப்புக்கொள்கின்றனர். அவ்வொப்புதலே ஆயர்பாடியை வேறோர் உலகாக்குகின்றது.

இவ்வொப்புதல் நிலைபெறுதற்கு முதற்கண் வேண்டுவது வரம்பு. ஒல்லாந்த அறிஞர் யொகான் ஹொய்சிங்கா, 1938இல் வெளியிட்ட தம் நூலில், விளையாட்டு அன்றாட வாழ்வினின்று இடத்தாலும் காலத்தாலும் பிரித்து வரையறுக்கப்பட்டது என்று நிறுவினார். சிலாபத்திற்கு வடக்கே கடலோரத்தில் அமைந்த உடப்பு என்னும் தமிழூரில் ஆண்டுதோறும் நிகழும் திரௌபதையம்மன் விழா இதற்கு இலக்கியமாகும். பாரதப்போர் நிகழ்ந்த நாள் பதினெட்டு. விழா நாளும் 18. அதன் முடிமணியாய் அமைவது தீமிதிப்பு. திரௌபதை வழிபாட்டில் பாரத நிகழ்ச்சிகளை ஊரவரே ஏற்று நடத்துதல் பரந்துபட்ட வழக்காம். அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பில் பாண்டவராகவும் திரௌபதையாகவும் கோலங்கொண்டோர் வனவாசம் செல்வர். தமிழ்நாட்டின் வடபகுதியில் துரியோதனன் உருவம் மண்ணால் மிகப் பெரிதாகச் சமைக்கப்பட, படுகள நிகழ்ச்சி நடைபெறும். இவ்விடங்களில் ஊர்த்தெருவே காடாகவும் கோயில் வெளியே குருக்கேத்திரமாகவும் மாறுகின்றது. காப்புக் கட்டியது முதல் அவிழ்ப்பது வரையே அம்மாற்றம். வரம்பு உண்மையாலேயே அதனுள் முழுதும் தோய்தல் கூடுவதாயிற்று.

இரண்டாவதாக வேண்டுவது முயற்சி. விலையின்றிக் கிடைத்த வேடம் உடலிற் படிவதில்லை. தீமிதிப்போர் நோன்பிருந்து, உணவும் உறக்கமும் சுருக்கி, அதன் பின்னரே தீக்குழியை அணுகுவர். இணைய ஆட்டத்தினும் சிறு பகையை வென்று, கருவி ஈட்டி, படிப்படியாக உயர்ந்தோனே தன் வேடத்தைத் தனதென்று உணர்கின்றான். இஃது உணராத வணிகர் சிலர், உழைத்துப் பெறவேண்டிய கருவியையும் நிலையையும் காசுக்கு விற்கத் தலைப்பட்டனர். வாங்கியவன் வலிமை பெற்றான். ஆயின் பெருமிதம் இழந்தான். நோன்பைப் பிறன் நோற்கத் தீயைத் தான் மிதித்தல் எத்தகையதோ அத்தகையது இதுவும்.

மூன்றாவது, ஒருவர் பிறரை இன்றியமையாராய் இருத்தல். 2004இல் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' என்னும் ஆட்டத்தின் தொடக்கக்காலப் பெரும்போர்களுக்கு 40 பேர் வரை ஒருங்குசேர வேண்டியிருந்தது. அடி தாங்குவோன், புண் ஆற்றுவோன், பகையைத் தாக்குவோன் எனத் தொழில் வகுக்கப்பட்டது. ஒருவன் தவறின் அனைவரும் மாண்டனர். இவ்வமைப்பின் இன்பத்தை உடப்புக் கரையில் கரைவலை இழுத்தோர் நன்கறிவர். வலையின் இருதலைக் கயிற்றையும் இரு சாரார் கரையில் நின்று இழுக்க, ஒருவர் அம்பாப் பாட்டின் அடியை எடுத்துக்கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடுவர். இழுவையின் வேகத்திற்கேற்பப் பாட்டின் நடையும் மாறும். பாட்டு அங்கு அணியன்று. பல கைகளை ஒரு கையாக்கும் கருவி. உழவு இயந்திரத்திற் பொருத்திய வின்ச் கொண்டு வலையிழுக்கும் முறை கரையோரங்களிற் பரவியபோது, வருத்தம் குறைந்தது. அதனோடு பாட்டின் தேவையும் குறைந்தது. துணையின் தேவை நீங்கின் கூட்டத்தின் இன்பமும் நீங்கும் என்னும் உண்மை ஆட்டம் வகுப்போரும் கருதற்குரியது. தனியொருவனே யாவும் இயற்றுமாறு எளிதாக்கப்பட்ட ஆட்டத்தில் ஆயிரவர் இருந்தும் தோழர் இலர்.

நான்காவது, செயலுக்கு விளைவு உண்மை. மேற்சொன்ன ஆட்டத்தில் 2005 செப்டெம்பரில் எதிர்பாராத நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. ஒரு பகைத்தெய்வத்தின் குகையளவில் அடங்கவேண்டிய கொடுநோய், வளர்ப்பு விலங்குகள் வாயிலாக நகரங்களிற் புகுந்து பரவிற்று. வலிகுன்றிய வேடங்கள் தெருவில் வீழ்ந்தன. சிலர் ஊரைவிட்டு ஓடினர்; சிலர் புண்ணாற்ற முன்வந்தனர்; சிலர் வேண்டுமென்றே நோயைப் பரப்பினர். ஆட்டத்தை நடத்திய நிறுவனம் அதனைப் பிழையென்று நீக்கியது. ஆயினும் கொள்ளைநோய் ஆராய்வோர் 2007இல் அதனை ஆய்வுப் பொருளாகவே கொண்டனர். எவரும் எழுதிவைக்காத அந்நிகழ்ச்சியில் ஆடுவோர்தம் குணம் தாமே வெளிப்பட்டமையே அதன் சிறப்பு.

ஈண்டு ஒரு தடை எழும். பாரதக் கதையின் முடிவு யாவரும் அறிந்தது. அருச்சுனன் தவஞ்செய்ய மறுத்தல் இயலாது. ஆகவே விழாவை விளையாட்டோடு ஒப்பிடுதல் பொருந்துமோ என்பது அத்தடை. இது புறக்கணிக்கத்தக்கதன்று. பார்ட்டில் 1996இல் எழுதிய கட்டுரையில் ஆடுவோரை நால்வகையினராகப் பகுத்தார்: பேறு ஈட்டுவோர், புதியன துருவுவோர், நட்பாடுவோர், பிறரை வெல்லுவோர். இவருள் துருவுவோர்க்கும் பிறரை வெல்லுவோர்க்கும் விழாவில் இடம் சிறிதே. தெரிவின் விரிவில் இணைய ஆட்டம் மேம்பட்டு நிற்கின்றது என்று ஒப்புக்கொள்ளல் வேண்டும். எனினும் கதையின் முடிவு தெரிந்தமையால் செயலின் முடிவு தெரிந்ததாகாது. திரௌபதையின் சூள் நிறைவேறியது என்பதை யாவரும் அறிவர். தன் கால் இவ்வாண்டு தீயைக் கடக்குமோ என்பதை மிதிப்போன் அறியான். ஈர்ப்புக்கு வேண்டுவது அறியாத கதை அன்று. தன்னால் முடிக்கப்படவேண்டிய செயலே என்பது இதனால் தெளிவாம்.

ஐந்தாவதாக ஆராயற்பாலது அவ்வுலகு யாருடையது என்பது. 2003இல் தொடங்கிய 'ஸ்டார் வோர்ஸ் கலக்சீஸ்' என்னும் ஆட்டத்தில் ஆடுவோர் ஊர் அமைத்தனர், வாணிகம் நடத்தினர், தொழில் பல பயின்றனர். 2005இல் நிறுவனம் அதன் விதிகளை அடியோடு மாற்றியது. பயின்ற தொழில்கள் மறைந்தன, பலர் நீங்கினர். 2011 டிசெம்பரில் அவ்வுலகே மூடப்பட்டது. குடிகள் பலராயினும் நிலம் ஒருவன் கையில் இருந்தமையின் அவர்தம் ஊர் ஒரே நாளில் அழிந்தது. உடப்பின் விழாவை அவ்வாறு மூடவல்ல உரிமையாளன் இல்லை. ஆனால் அதற்கும் நிலையாமை உண்டு. வேடம் ஏற்கவும் நோன்பு நோற்கவும் அடுத்த தலைமுறை முன்வராதொழியின், கோயிலும் வெளியும் இருந்தும் குருக்கேத்திரம் இராது.

இனி, தோய்தல் என்பது தன்னை முற்றும் மறத்தல் என்று கொள்வது தவறு. ஆய்ச்சியருள் மாயவனாக நின்றவள் தான் ஆயர்மகள் என்பதை மறந்திலள். மறந்திருப்பின் குரவையில் அடி பிழைத்திருப்பாள். இருநிலையையும் ஒருங்கே தாங்கும் உணர்வே ஆட்டத்தின் இன்பம். அவ்வுணர்வு மீண்டு வருதலை வேண்டுவது. விழாவில் காப்பு அவிழ்ந்ததும் ஆடவர் கடலுக்குத் திரும்புவர். இணைய உலகுக்கோ காப்பு அவிழ்க்கும் நாள் இல்லை. இரவும் பகலும் அது திறந்தே கிடக்கின்றது. உலக சுகாதார நிறுவனம் கட்டுமீறிய விளையாட்டை நோய்ப்பட்டியலிற் சேர்த்ததும் (அப்பட்டியல் 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தது), சீன அரசு 2021இல் சிறுவர்தம் ஆட்டநேரத்தைக் கிழமைக்கு மூன்று மணி அளவாகச் சுருக்கியதும் இவ்விடைவெளியை வெளியிலிருந்து நிரப்பும் முயற்சிகளே. ஆட்டத்தின் உள்ளே அமையவேண்டிய வரம்பு அமையாவிடத்துச் சட்டம் வரம்பாகின்றது.

ஆதலின் இணையவழி வேட ஆட்டத்தை முழுதும் பழித்தலும் முழுதும் புகழ்தலும் திறனாய்வு ஆகா. அதனுள் ஏற்கும் வேடம் முயற்சியால் பெற்றதோ, துணைவர் இன்றியமையாதவரோ, செயலுக்கு விளைவு உண்டோ, உலகு ஆடுவோரையும் மதிக்கின்றதோ, மீண்டுவர வழி உண்டோ என்று வினாவுதல் வேண்டும். ஆசிரியர் தம் மாணவரிடம் கைபேசியைக் கீழே வைக்குமாறு கூறுமுன் இவ்வினாக்களை அவரோடு கலந்து ஆராயின், மாணவர் தம் ஆட்டத்தைத் தாமே அளக்கக் கற்பர். நல்லாட்டம் ஆடுவோனை வேறோர் உலகிற்கு அழைத்துச் செல்வதோடு அமையாது, முன்னினும் உரம்பெற்றவனாகத் தன்னூருக்குத் திருப்பியும் அனுப்பும். உடப்பின் தீக்குழியைக் கடந்து மறுகரை ஏறுவோன் முகத்தில் ஊரார் ஆண்டுதோறும் காண்பது அவ்வுரத்தையே.