கள் வட்டில் கழுவிய தண்ணீர்

பெரும்பாணாற்றுப்படையை எங்களுக்கு நடத்திய பேராசிரியர் ஓர் இடத்துக்கு வந்ததும் இரண்டு தாள்களைச் சேர்த்துத் திருப்பினார். “இது பரீட்சைக்கு வராது” என்றார். அன்று ராத்திரி விடுதியில் அந்தத் தாள்களைத்தான் முதலில் படித்தோம். ஏதோ காமம் இருக்கும் என்ற நம்பிக்கை. இருந்தது ஒரு சமையல் குறிப்பு.

பாணனை வலைஞர் குடியிருப்புக்கு அனுப்பும் கடியலூர் உருத்திரங்கண்ணனார், அங்கே குடிக்கக் கிடைப்பது எப்படித் தயாரானது என்பதையும் சொல்லிவிடுகிறார். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்ச வேண்டும். வாய் அகன்ற பாத்திரத்தில் கொட்டி ஆற்ற வேண்டும். கறையான் புற்றுக்குள் இருக்கும் கூட்டைப் போன்ற அடை ஒன்றை அதில் பிசைய வேண்டும். இரண்டு பகலும் இரண்டு இரவும் போக வேண்டும். சாடியில் பச்சை வாடை நீங்க முதிர்ந்ததும் விரலால் அலைத்துப் பிழிய வேண்டும். கூடவே சுட்ட மீன்.

அந்த அடையை முளைகட்டிய தானியத்தின் அடை என்று கொள்வார்கள். முளைத்த தானியம் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். ஈஸ்ட் அந்தச் சர்க்கரையைப் போதையாக்கும். பார்லிக்குப் பதில் அரிசி, அவ்வளவுதான். இது வீட்டில் காய்ச்சிய பீர். பனங்கள்ளுக்கு இந்தப் பாடெல்லாம் கிடையாது, அது கலயத்திலேயே தானாகப் புளிக்கும். அரிசிக் கள்ளுக்கு அடுப்பு வேண்டும், பக்குவம் தெரிந்த கை வேண்டும்.

யாருடைய கை? அந்த வரிகளை இலக்கணக் கண்ணோடு பாருங்கள். ஆற்றி, பிசைந்து, கழித்து என்று வினையெச்சங்கள் வரிசை கட்டி வருகின்றன. செய்தவர் யாரென்று சொல்லும் எழுவாய் ஒன்றுகூட இல்லை. இரண்டு இரவும் சாடியை முகர்ந்து பார்த்தது யார் என்று பாட்டு சொல்வதில்லை. ஆற்றுப்படைக்குப் பாணனின் வயிறுதான் முக்கியம், சரி. ஆனால் சுமார் அறுபது வரி தள்ளி, கடற்கரைப் பட்டினத்தில், கள் காய்ச்சும் பெண்கள் வெளிப்படையாகவே வருகிறார்கள். எப்படி வருகிறார்கள்? வட்டில் கழுவுகிறவர்களாக. கழுவிய தண்ணீர் வழிந்து சேறாகிறது. அந்தச் சேற்றில் பெண் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன.

வேலை நடக்கிற இடத்தில் எழுவாய் இல்லை. கழுவிய தண்ணீருக்கு மட்டும் எழுவாய் கிடைத்துவிட்டது. இத்தனைக்கும் கள் காய்ச்சுவதற்கு அந்த இடத்தில் வருகிற வினை ‘அடுதல்’. சோறு ஆக்குவதற்கும் அதே வினைதான். அடுப்பும் அடுக்களையும் அதே வேரில் வந்தவை.

இதற்காக உருத்திரங்கண்ணனாரோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை, ஏனென்றால் அடுத்து வருவது நல்ல சிரிப்பு. ஆண் பன்றியை மட்டும் தனியே குழியில் அடைத்து, பல நாள் நெல்மா ஊட்டி வளர்க்கிறார்கள். பெட்டைகளின் பின்னால் போனால் கொழுப்புக் கரைந்துவிடுமாம். பெட்டைகள் வெளியே சேற்றில் ஆடிக்கொண்டிருக்க, ஆண் குழிக்குள் பத்திரமாகக் கொழுக்கிறான், விருந்தாளியின் இலைக்காக. விடுதியில் இதைப் படித்துவிட்டு நாங்கள் சிரித்த சிரிப்பில் வார்டன் வந்துவிட்டார்.

பாட்டு தொண்டை நாட்டுடையது. ஆனால் சாத்தான்குளத்துக்குத் தெற்கே தேரிக்காட்டில் வளர்ந்த எனக்கு அந்த எழுவாய் இல்லாத வேலை புதிதல்ல. பதனிக் காலத்தில் என் ஆச்சியின் பொழுது விடிலியில்தான் கழியும். தாத்தா இறக்கிய பதனியை வெயில் ஏறுமுன் அடுப்பில் ஏற்ற வேண்டும். நுரை பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கிப் போட்டால் அடங்கும். பாகு பதமா என்று தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பாள். பிறகு சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டி. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்திருந்தால் பதனி புளித்துவிடும். எத்தனை விறகு எரித்தாலும் கருப்பட்டி சரியாகக் கட்டாது. தாத்தா பனையேறி. கருப்பட்டிக்கு உடன்குடி என்று ஊர்ப் பெயர் உண்டு. ஆச்சி பனையேறி வீட்டுக்காரி.

1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதனி, தடவாவிட்டால் குற்றம். “பதனி புளிச்சா என்னையா புடிப்பாவ? வெயிலப் புடிக்கச் சொல்லு” என்பாள் ஆச்சி. காய்ச்சும் வேலையைப் பற்றி நான் கேட்ட ஆகச் சிறந்த நகைச்சுவை இதுதான்.

அமெரிக்காவில் வீட்டு பீருக்கு 1978இல்தான் நடுவண் சட்டம் அனுமதி தந்தது. 1984இல் வந்த சார்லி பபாசியனின் கையேடு ஆயிரக்கணக்கான ஆண்களை அடுக்களைக்கு வரவழைத்தது. அந்தப் பொழுதுபோக்கில் வாடிக்கையான நகைச்சுவை ஒன்று உண்டு: புட்டி வெடிக்கும், வீடு நாறும், மனைவி கத்துவாள். அவள் கத்துவது இருக்கட்டும், அது யாருடைய தொழில்? 1300 முதல் 1600 வரையிலான இங்கிலாந்தைப் பற்றி ஜூடித் பென்னட் 1996இல் எழுதிய நூல் இதற்குப் பதில் சொல்கிறது. மால்ட்டில் காய்ச்சிய பழைய ஏல் சில நாளில் புளித்துவிடும். ஆகவே வீட்டுக்கு வீடு பெண்கள் காய்ச்சி, மிஞ்சியதை விற்றார்கள். ஹாப்ஸ் சேர்த்த பீர் கெடாமல் நின்றது. கெடாததைப் பெரிய அளவில் காய்ச்சலாம், தூரத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதல் வேண்டும். முதல் ஆண்களிடம் இருந்தது.

கள்ளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2003 முதல் சில்லறை மதுக்கடையை அரசே நடத்துகிற மாநிலம் இது. கடையை மூடு என்று தெருவில் உட்கார்ந்த பெண்களின் பக்கம்தான் நான். புட்டியாக வீட்டுக்குள் வரும் குடியில் பெண்ணுக்குச் செலவும் அடியும்தான் பங்கு. நம் சினிமாவில் தள்ளாடும் புருஷன் நகைச்சுவை நடிகன், விளக்குமாறோடு நிற்கிறவள் அவனுக்கு எடுத்துக்கொடுப்பவள். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆச்சியின் சிரிப்பு வேறு, அது வேலை தெரிந்தவளுடையது. இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் பேராசிரியர் தாளைத் திருப்பினார்.

அவர் மட்டுமா? அதியமான் இறந்தபோது ஔவையார், கள் கொஞ்சமாகக் கிடைத்தால் தனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் தான் பாடப் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று சொல்லி அழுகிறார். புறநானூற்றில் இருக்கிறது. 1953இல் ஜெமினி எடுத்த ‘ஔவையார்’ படத்துக்குப் பிறகு நம் மனசில் பதிந்தவரோ கே.பி. சுந்தராம்பாளின் பக்திப் பாட்டி. பெயரொன்றுதான், நண்பனோடு கள்ளைப் பகிர்ந்த புலவர் காணாமல் போய்விட்டார்.

இப்போது அதே பாட்டை நான் நடத்துகிறேன், தாளைத் திருப்பாமல். போன வருஷம் ஒரு மாணவி, களியை ஏன் ஆற்ற வேண்டும், சூட்டோடு பிசைந்தால் என்ன என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்ரீவைகுண்டத்திலிருந்து வருகிற பிள்ளை பின்பெஞ்சிலிருந்து சொன்னாள்: “பாலுக்கு உறை ஊத்துற மாதிரிதாம்ளா. கை பொறுக்கிற சூடு இருக்கணும்.” ஆற்ற வேண்டும் என்பது வரை பாட்டில் இருக்கிறது. எந்த அளவுக்கு என்பது இல்லை.