படுக்கையறை வரை நீளும் அரசு

கண்காணிப்பு அரசுகளைப் பற்றிய நாவல் என்றதும் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1949இல் அது வெளிவருவதற்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்த வகைக்கு அடித்தளம் போட்டாகிவிட்டது. போட்டவர் யெவ்கேனி ஸம்யாத்தின் என்ற ரஷ்யக் கப்பல் பொறியாளர். 1920–21இல் அவர் எழுதிய ‘நாம்’ நாவலில் வீடுகளுக்குக் கண்ணாடிச் சுவர்கள். மனிதர்களுக்குப் பெயரில்லை, எண்தான். சன்னல் திரையை இறக்கவும் அரசு தரும் சீட்டு வேண்டும், அதுவும் கூடலுக்கு ஒதுக்கிய நேரத்துக்கு மட்டும். கதைசொல்லிக்கு இதில் வருத்தமேதும் இல்லை. மறைவான வீடுகளில் வாழ்ந்த முன்னோர்களை நினைத்தால் அவனுக்கு இளக்காரமாக இருக்கிறது. 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்துவிட்ட இந்த நாவல், சோவியத் ஒன்றியத்தில் அச்சேற 1988 ஆகிவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்தே ஆளைக் கவனிக்கும் ஆர்வெல்லின் தொலைத்திரையைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அந்த நாவலில் வரும் நாட்டின் மக்களில் நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் உழைக்கும் எளியவர்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தொலைத்திரையே கிடையாது. அரசு விடாமல் கவனிப்பது தன் சொந்தக் கட்சிக்காரர்களைத்தான். அவர்களில் ஒருவரான பார்சன்ஸைப் பிடித்துக் கொடுப்பது எந்திரமல்ல, அவருடைய ஏழு வயது மகள். தூக்கத்தில் அவர் உளறியதைச் சாவித் துவாரத்தில் காது வைத்துக் கேட்டுவிட்டுப் போய்ச் சொல்கிறாள். சிறைக்குள் இருந்துகொண்டு அந்த மனிதர் மகளை மெச்சிக்கொள்கிறார்! தொலைத்திரையைவிட எனக்குப் பயம் தந்தது அந்த இடம்தான்.

மார்கரெட் அட்வுட் இதே இழையைத்தான் பிடித்துச் செல்கிறார். 1985இல் வந்த அவருடைய நாவலில் பணிப்பெண்கள் கடைக்குப் போவதானாலும் இருவர் இருவராகத்தான் போக வேண்டும். ஒருத்திக்கு மற்றவள் காவல்.

என் கணக்கில் இவர்கள் எல்லோரையும்விட ஆழத்துக்குப் போனவர் ஸ்வீடன் நாட்டுக் கவிஞர் காரின் போயே. 1928இல் சோவியத் ஒன்றியத்தைப் பார்த்துவந்தவர். 1930களின் தொடக்கத்தில் பெர்லினில் வாழ்ந்தவர். அவருடைய ‘கல்லோகைன்’ 1940இல் வெளியானது. படுக்கையறையில் காவல் துறையின் கண்ணும் காதும் பொருத்தப்பட்டிருக்கின்றன. வீட்டு வேலைக்கு வரும் பெண் வாரந்தோறும் அந்தக் குடும்பத்தைப் பற்றி அறிக்கை தர வேண்டும். லியோ கால் என்ற வேதியியலாளன், மனத்தில் உள்ளதைக் கொட்டவைக்கும் ஊசிமருந்து ஒன்றைக் கண்டுபிடிக்கிறான். அதைச் சோதிக்கச் சிலரைத் தேர்ந்தெடுத்து, தாங்கள் உளவு வேலையில் இறங்கிவிட்டதாகத் துணையிடம் பொய் சொல்லச் சொல்கிறார்கள். கேட்டதும் ஓடிப்போய்ப் புகார் கொடுக்காதவருக்கு ஊசி. அன்பினால் வாயை மூடிக்கொண்டவர் குற்றவாளி! கடைசியில் சந்தேகம் பிடித்தாட்ட, தன் மனைவி லிண்டாவுக்கே அவன் ரகசியமாக ஊசி போடுகிறான். பின்னொரு நாள் மருந்தே இல்லாமல் அவள் அவனிடம் மனம் திறக்கிறாள். அரசுக்குப் பயன்படாத அந்தப் பேச்சுதான் அவனை உலுக்குகிறது.

ஹக்ஸ்லியின் நாவல் காட்டும் உலகத்தில் ஒற்றர்களுக்கு அதிக வேலையில்லை, இன்பமே போதும். ரே பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ இல் அரசு புத்தகங்களை எரிப்பதற்கு முன்பே மக்கள் படிப்பதை விட்டுவிடுகிறார்கள். இரண்டும் நல்ல நாவல்கள்தான். ஆனால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் நம்ப முடியாத வீட்டுக்குள் காரின் போயே அளவுக்கு அவை நுழையவில்லை. ஆர்வெல்லைப் படித்து முடித்தவர்கள் அடுத்ததாகக் ‘கல்லோகைனை’ எடுங்கள்.