முறை தப்பிய ஊர்: டார்க் தொடர் பற்றிச் சில குறிப்புகள்

டார்க் தொடரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாக ஒரு வம்சப் படம் போடுகிறார்கள். நாலு குடும்பம், குடும்பத்துக்கு ஒரு நிறம், குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். அந்தப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் தொடரைப் பார்க்கவே முடியாது என்கிறார்கள். எனக்கு அது தேவைப்படவில்லை. மூளைக்காரன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லலை. கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊரில் வளர்ந்த யாருக்கும் தேவைப்படாது என்பதுதான் என் கட்சி. இங்கே பஸ் ஸ்டாண்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால், திருவண்ணாமலை பஸ் வருவதற்குள் "நீ யார் வூட்டுப் புள்ள" என்று ஆரம்பித்து, "அப்படின்னா நீ எனக்கு மச்சான் முறை ஆவுது" என்பதில் முடித்துவிடுவார். உறவுக் கணக்கு நமக்கு வாய்ப்பாடு மாதிரி. யோசிக்காமல் வரும்.

(தொடரைப் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வது நல்லது. கடைசிக் காட்சி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன்.)

பாரன் போ ஓடார், யான்ட்யே ஃப்ரீசே இருவரும் உருவாக்கிய ஜெர்மன் தொடர் இது. நெட்ஃப்ளிக்ஸில் 2017 டிசம்பரில் தொடங்கி 2020 ஜூன் 27இல் முடிந்தது. மூன்று சீசன், மொத்தம் 26 பகுதிகள். விண்டன் என்று ஒரு கற்பனைச் சிற்றூர். ஒரு அணுமின் நிலையம், ஒரு காடு, ஒரு குகை, ஓயாத மழை. குகைக்குள் போனால் 33 வருஷம் முன்னாலோ பின்னாலோ வெளியே வரலாம். 2019, 1986, 1953. சூரியனும் சந்திரனும் 33 வருஷத்துக்கு ஒருமுறை ஒத்துப்போவதால்தான் இந்த எண் என்று தொடரில் ஒரு விளக்கம் வரும். அதை நான் ஒரு பேச்சுக்குத்தான் எடுத்துக்கொள்கிறேன். 33 என்பது கிட்டத்தட்ட ஒரு தலைமுறை. 1953இல் சிறுவனாக இருக்கும் ஹெல்கே 1986இல் நடுவயசுக்காரன், 2019இல் முதியோர் இல்லத்தில் புத்தி தடுமாறிய கிழவன். ஒரே ஆளைப் பேரனாகவும் அப்பனாகவும் தாத்தாவாகவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்க்க எந்த இடைவெளி வேண்டுமோ, அந்த இடைவெளியைத்தான் எடுத்திருக்கிறார்கள்.

இனி முறைக்கு வருவோம். யோனாஸ் என்ற பையன் மார்த்தாவைக் காதலிக்கிறான். மார்த்தாவின் தம்பி மிக்கேல், பதினோரு வயசில் குகைக்குள் போய் 1986இல் மாட்டிக்கொள்கிறான். அங்கேயே வளர்ந்து, பெயர் மாறி, ஹன்னாவைக் கட்டி, யோனாஸைப் பெறுகிறான். ஆக மார்த்தா யோனாஸுக்கு அப்பாவின் அக்கா. ஒரு வார்த்தையில் சொன்னால் அத்தை.

இங்கேதான் ஜெர்மன்காரர் பார்ப்பதும் நாம் பார்ப்பதும் பிரிகிறது. அவர்களுக்கு இது ரத்த நெருக்கம் சம்பந்தப்பட்ட அதிர்ச்சி. நமக்கு ரத்த நெருக்கம் மட்டும் அதிர்ச்சி ஆகாது. அக்கா மகளைக் கட்டிய தாய்மாமன்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். அத்தை மகள் என்றால் உரிமைப் பெண்ணே. ஆனால் அத்தை? முடியாது. தூரம் கிட்டம் என்கிற கேள்வியே கிடையாது, கட்டும் முறையா கட்டாத முறையா என்பதுதான் கேள்வி. யோனாஸுக்கு உண்மை தெரிந்த பிறகு மார்த்தாவை எதிரில் பார்க்கும்போது அவன் முகத்தில் வருகிற அந்தத் தடுமாற்றத்தை, கூப்பிட வார்த்தை இல்லாதவனின் தடுமாற்றமாகவே நான் பார்த்தேன்.

இதைவிடப் பெரிய உதாரணம் ஹன்னாவும் உல்ரிக்கும். உல்ரிக் மிக்கேலுக்கு அப்பா. ஹன்னா மிக்கேலின் மனைவி. முதல் பகுதியிலிருந்தே இந்த இரண்டு பேருக்கும் கள்ளத்தொடர்பு. அதாவது மாமனாரும் மருமகளும். மாமனார், மருமகள் என்கிற இந்த முறையில் ரத்த சம்பந்தம் கிடையாது, அதனால் மேற்கத்திய விமர்சனங்கள் இதைச் சும்மா ஒரு முரண்நகையாகக் கடந்து போகின்றன. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதைவிட ஆச்சரியம், தொடரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது. இரண்டாம் சீசனில் உண்மை தெரிந்த பிறகுதான் ஹன்னா 1954க்குப் போய்ச் சிறையில் இருக்கும் உல்ரிக்கைப் பார்க்கிறாள். என்ன கேட்கிறாள்? "நானா, உன் பெண்டாட்டியா" என்கிற பழைய சக்களத்திக் கேள்வி. அவன் பதிலை நம்பாமல் அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறாள். எதிரில் நிற்பவன் தன் புருஷனின் அப்பன் என்பது அந்தக் காட்சியில் எங்கேயுமே இல்லை. எழுதியவர்களுக்கு அது தோன்றவில்லை என்று நினைக்கிறேன். அவர்கள் மொழியில் அந்த இடம் காலி.

சங்கிலியை முழுசாகச் சொன்னால் தலை சுற்றும், ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம். யோனாஸின் அப்பா மிக்கேல். தாத்தா உல்ரிக். கொள்ளுத்தாத்தா ட்ரோன்டே. எள்ளுத்தாத்தா, பெயரே சொல்லப்படாத ஒரு ஆள். அந்தப் பெயரில்லாதவனின் அப்பா யார் என்றால், யோனாஸ். எள்ளுக்கு மேலே எங்க ஊர்ப் பேச்சில் சொல்லே கிடையாது. வாட்ஸப்பில் சுற்றும் 'சேயோன், பரன்' பட்டியலை நான் கணக்கில் சேர்க்கவில்லை, அதை யாரும் வாயால் சொல்லிக் கேட்டதில்லை. சொல் தீர்ந்துபோகிற இடத்தில் அந்தப் பையன் தன்னையே சந்திக்கிறான்.

இரண்டாம் சீசனின் கடைசியில் அணுமின் நிலையத்துக்குள் ஒரு வாசல் திறக்கும். இந்தப் பக்கம் சார்லட், அந்தப் பக்கம் பல வருஷம் கழித்து வளர்ந்துவிட்ட அவள் சின்ன மகள் எலிசபெத். இரண்டு பேரும் கையை நீட்டுகிறார்கள். எலிசபெத்துக்குக் காது கேட்காது, அதனால் அந்த இடத்தில் பேச்சுக்கு வேலையில்லை. மகள்தான் தன்னைப் பெற்றவள் என்பது அங்கேதான் நமக்கு உறைக்கும். யார் யாரை அம்மா என்று கூப்பிடுவது? இந்தத் தொடரில் எனக்குப் பயமே வந்த ஒரே காட்சி இது. ரத்தம் கொட்டுகிற காட்சிகளில் வரவில்லை.

நம்ம ஊர்ப் படங்களை இதோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 'இன்று நேற்று நாளை' (2015), '24' (2016), 'மாநாடு' (2021), 'மார்க் ஆண்டனி' (2023). நான்குமே எனக்குப் பிடித்தவை, 'மாநாடு' தியேட்டரிலேயே இரண்டு தடவை. நான்கிலுமே காலம் என்பது ரிவர்ஸ் கியர். தப்பாகப் போனால் பின்னால் எடுத்துத் திருப்பிக்கொள்ளலாம். ஹீரோவுக்கு இன்னொரு வாய்ப்பு. டார்க்கில் அந்த கியர் வேலை செய்யாது. அப்பா தூக்குப் போட்டுக்கொள்வதைத் தடுக்க யோனாஸ் 2019 ஜூனுக்குப் போகிறான். அப்பாவைப் பார்த்து, "அந்தக் கடிதத்தை எழுதாதே, இதைச் செய்யாதே" என்று கெஞ்சுகிறான். அப்பா குழம்பிப்போய்ப் பார்க்கிறார். அப்படி ஒரு எண்ணமே அவருக்கு அதுவரைக்கும் வந்ததில்லை. மகன் வந்து சொல்லித்தான் வருகிறது. காப்பாற்றப் போனவன் போனதே காரணமாகிவிடுகிறது. இப்படி ஒரு காட்சியை நம்ம ஹீரோ ஒத்துக்கொள்வாரா என்று யோசித்துப் பார்த்தேன். தயாரிப்பாளருக்கு முன்னாடி ரசிகர் மன்றம் ஒத்துக்கொள்ளாது.

ஆனால் தமிழில் இருட்டான அறிவியல் கதையே கிடையாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' 80களில் விகடனில் வந்தது, பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. குழந்தை பெற அரசாங்க அனுமதி, இரண்டெழுத்துக்கு மேல் பெயர் கூடாது, வயசானால் உயிர் வாழ உரிமை கிடையாது. ஜீனோ என்ற நாய் ரோபோவைத்தான் எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த இரண்டெழுத்துப் பெயர்கள்தான் நிற்கின்றன. இரண்டெழுத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு எப்படி வைப்பது? பெயரன் என்பதுதானே பேரன். ஆட்சி முதலில் வெட்டுவது அந்தக் கொடியைத்தான் என்று சுஜாதாவுக்குத் தெரிந்திருக்கிறது. அப்புறம், 90களின் பிற்பகுதியில் சன் டிவியில் வந்த 'மர்மதேசம்: விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம். அது அறிவியல் கதை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஒரே கிராமத்தின் பழைய காலத்தையும் இப்போதைய காலத்தையும் மாற்றி மாற்றிக் காட்டி, சின்ன வயசில் நடந்தது பெரியவர்களான பிறகு எப்படிக் கிளம்பி வருகிறது என்று சொன்ன விதத்தில் விண்டனுக்குக் கொஞ்சம் சொந்தம்தான்.

மூன்றாம் சீசனில் இன்னொரு உலகம் வருகிறது. எனக்கு அங்கே சலித்தது. முறை தெரிந்த மனிதர்கள் வரைபடத்தில் புள்ளிகளாக மாறிவிட்டார்கள். பாதிக்கு மேல் விளக்கவுரை. பழைய உல்ரிக்கை நினைத்துக்கொண்டு அதைக் கடந்தேன். 1953க்கு மகனைத் தேடிப் போய், சிறை, மனநல மருத்துவமனை என்று முப்பத்துச் சொச்சம் வருஷம் அடைபட்டு, 1987இல் கிழவனாக இன்னும் சிறுவனாகவே இருக்கும் மிக்கேலைக் கண்டுபிடிக்கிறானே, அந்தக் காட்சிக்காக எத்தனை விளக்கவுரை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுத்துக்கொள்ள முடியாதது முடிவு. இந்த இரண்டு உலகமுமே ஒரு தப்பினால் பிறந்தவை என்கிறது தொடர். மூல உலகத்தில் டான்ஹவுஸ் என்ற கடிகாரக்காரரின் மகன், மருமகள், பேத்தி 1971இல் கார் விபத்தில் செத்துப்போகிறார்கள். அவர்களைத் திரும்பக் கொண்டுவர அவர் செய்த இயந்திரம் உலகத்தை இரண்டாக உடைக்கிறது. யோனாஸும் மார்த்தாவும் போய் விபத்தைத் தடுத்துவிட, முடிச்சு அவிழ்கிறது. முடிச்சில் பிறந்தவர்கள் அனைவரும், அந்த இரண்டு பேர் உட்பட, துகள்களாகக் கரைகிறார்கள். இசை, கண்ணீர், அழகு. பார்த்தவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைத் தியாகம் என்று கொண்டாடினார்கள்.

என்னால் முடியவில்லை. அதற்குக் காரணம் எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. என் தாத்தாவுக்கு இரண்டு தாரம். முதல் தாரம் பிரசவத்தில் போய்விட, அவள் தங்கச்சியையே கட்டிவைத்தார்கள். அந்தத் தங்கச்சிதான் என் ஆயா. பெரிய ஆயாவின் படம் ஒன்று, ஃபோட்டோவைப் பார்த்து யாரோ வரைந்தது, நடுக்கூடத்தில் மாலையோடு இருக்கும். கார்த்திகை தீபத்தன்று மலையில் தீபம் ஏற்றியதும் ஆயா வாசலுக்கு வைக்கிற முதல் அகலை அந்தப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் மற்றதற்குப் போவாள். "எங்கக்கா போனதாலதான்டா நீங்கல்லாம் வந்தீங்க" என்பாள். அழுகையும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது அந்தக் குரலில். அக்காவைத் திருப்பித் தருகிறேன் என்று யாராவது கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவள் பெற்ற ஐந்து பேரையும், எங்களையும் 'தப்பு' என்று சொல்லியிருக்க மாட்டாள். அது மட்டும் நிச்சயம்.

ஒரு சாவினால் பிறந்தவர்கள் பிழையாகிவிடுவார்களா? தொடர் ஆமாம் என்கிறது, அதுவும் யாரையும் கேட்காமல். மிக்கேலைக் கேட்டார்களா? எலிசபெத்தை? தன் தம்பியைத் தொலைத்து, மகனைத் தொலைத்து, ஆயுள் முழுக்க அடைபட்டிருந்த உல்ரிக்கை? திட்டத்தைக் கண்டுபிடித்துக் கொடுப்பது கிளாடியா. அவள் மகள் ரெஜினா முடிச்சுக்குள் பிறந்தவள் இல்லை, ஆகவே மூல உலகத்தில் பிழைத்திருப்பாள். இதைத் தெரிந்துகொண்டுதான் கிளாடியா காய் நகர்த்துகிறாள். கணக்குப் போட்டவளின் பிள்ளை மிஞ்சுகிறது, மற்றவர் பிள்ளைகள் கரைகிறார்கள். எத்தனை சுவாரசியமான விஷயம் இது! ஒரு தாயின் சுயநலம் என்று இதை நேராகச் சொல்லியிருந்தால் தொடரின் மிகக் கொடூரமான, மிக நேர்மையான முடிவாக இருந்திருக்கும். ஆனால் அதை மூடி மறைத்து, எல்லோருக்கும் விடுதலை என்று மேலே பொன்னிறத் தூளைத் தூவிவிட்டார்கள்.

கடைசிக் காட்சியில் ரெஜினா வீட்டில் ஆறு பேர் விருந்து சாப்பிடுகிறார்கள். மழை, மின்சாரம் போய்ப் போய் வருகிறது. கத்தரீனா இருக்கிறாள், உல்ரிக் இல்லை, அவனோடு பெற்ற மூன்று பிள்ளைகளும் இல்லை. அவளுக்கு எதுவும் குறைவாகத் தெரியவில்லை, சிரித்துக்கொண்டிருக்கிறாள். இழவு கொண்டாட ஆள் இல்லாத சாவு அது. பதினாறாம் நாளும் கிடையாது, படமும் கிடையாது, மாலையும் கிடையாது. ஹன்னா மட்டும் ஓரமாகத் தொங்கும் மஞ்சள் மழைக்கோட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். வயிற்றில் குழந்தை. என்ன பெயர் வைக்கலாம் என்று பேச்சு வருகிறது. யோனாஸ் நல்ல பெயர் என்கிறாள். அந்தப் பெயர் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அந்த மேஜையில் யாரும் கேட்கவில்லை.