உள்மணிக்கட்டு

அப்பா வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கமாகக் கட்டுவார். கண்ணாடியில் கீறல் விழக்கூடாதாம். பேனாவுக்கு மூடி, பர்ஸுக்கு ரப்பர் பேண்டு, கைக்குட்டைக்கு நாலு மடிப்பு என்று எதையும் காபந்து பண்ணியே பழகியவர்.

வாட்ச் எச்.எம்.டி. ஜனதா. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு கைகோத்து, பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. 17 கல். பேட்டரி கிடையாது. தினமும் காலையில் காபிக்கு முன்னால் சாவி கொடுப்பார். ஸ்பிரிங் இறுகுகிற அந்த நொடியில் விரல் தானாக நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு திருகு கிடையாது. பேச்சிலும் செலவிலும்கூட அவர் அப்படித்தான்.

1984-ல் டைட்டன் பிறந்தது. ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தன. சாவி கொடுக்கும் வேலையே இல்லை. அப்பா மாறவில்லை. முள்ளை எப்போதும் ஐந்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார். என்றோ பஸ்ஸைத் தவறவிட்டவரின் பயம் அதில் இருந்தது.

இப்போது அது என் மேஜை டிராயரில் இருக்கிறது. எப்போதாவது சாவி கொடுக்கிறேன். எங்கே நிறுத்துவதென்று என் விரலுக்குத் தெரியவில்லை.