கருவேப்பிலைக் கொழுந்தும் கைலாசபதியும்

தமிழ் இலக்கியத்தில் தாய்க்கும் மகளுக்கும் உரிய இடம் பெரிது. அகப் பாடல்களில் நற்றாயும் செவிலியும் மகளை எண்ணியே மகிழ்கின்றனர். மகளை எண்ணியே கலங்குகின்றனர். தந்தைக்கும் மகனுக்கும் உரிய இடமும் சிறிதன்று. தந்தை மகனுக்குச் செய்யும் உதவியையும், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாற்றையும் வள்ளுவர் தனித்தனியே வகுத்துரைத்தார். மக்கட்பேறு என்று நாம் வழங்கும் அவ்வதிகாரத்திற்குப் பரிமேலழகர் கொண்ட பெயர் ‘புதல்வரைப் பெறுதல்’ என்பதாகும். ஆனால், தந்தையும் சிறு மகளும் எதிரெதிரே நின்று பேச, அப்பேச்சில் நகை பிறக்கும் காட்சி எங்கே உளது என்று தேடுவோர்க்குப் பழைய ஏடுகள் எளிதில் விடை தருவதில்லை.

புறநானூற்றின் 188-ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி, சோற்றை அளைந்து உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறான். அக்குழந்தை ஆணா பெண்ணா என்பது பாட்டில் இல்லை. பெண்ணைப் பெற்ற தந்தையை அதே நூல் விளங்கக் காட்டும் இடம் மகட்பாற் காஞ்சித் துறையாகும். ஆங்கே அவன் மகளைக் கேட்டு வந்த வேந்தனுக்கு எதிராக வேலேந்தி நிற்கிறான். ஊர் என்னாகுமோ என்று புலவர் இரங்குகிறார். சிரிப்பதற்கு அங்கே நேரம் ஏது?

பின் வந்தவர்களும் இக்குறையை முற்றும் தீர்க்கவில்லை. ஆண்டாளை வளர்த்த பெரியாழ்வார், கண்ணனின் குறும்புகளைப் பாடும்போது யசோதையாகிறார். மகளைப் பிரிந்து வருந்தும்போதும் தாய்க்குரலையே மேற்கொள்கிறார். பெண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் மீனாட்சியம்மையைச் சிறுமியாக்கிச் சீராட்டினார். அவரும் பாடுவது தாயர் நிலையில் நின்றே. இரு பெண்மக்களுக்குத் தந்தையான பாரதியார், கண்ணன் பாட்டில் கண்ணம்மாவைக் குழந்தையாகக் கண்டு உருகினார். அங்கே அன்பு பெருக்கெடுக்கிறது. எனினும், அது பராசக்தியைக் குழந்தையாகக் கண்ட பாட்டு. வழிபாட்டில் உருக்கத்திற்கு இடமுண்டு. வேடிக்கைக்கு இடம் குறைவு.

இவ்விடத்தை நிரப்பியவருள் தலையாயவர் புதுமைப்பித்தன் என்று துணிந்து கூறலாம். சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய அவர் 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்தார். அவர் 1943-இல் ‘கலைமகள்’ இதழில் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ என்னும் கதையை அறியாத தமிழாசிரியர் இலர். கடவுள் கிழவராகச் சென்னைக்கு வருகிறார், சித்த வைத்தியப் பத்திரிகை நடத்தும் கந்தசாமிப் பிள்ளையைத் தெருவில் சந்திக்கிறார், காப்பி அருந்துகிறார், பிள்ளையின் வீட்டிற்கு விருந்தாளியாகச் செல்கிறார். கடவுளைக் கேலி செய்யும் கதை என்று இதனைச் சிலர் ஒதுக்கினர். சமுதாயத்தைச் சாடும் கதை என்று சிலர் பாராட்டினர். இவ்விரு சாராரும் கதையில் வரும் நான்கு வயதுச் சிறுமி வள்ளியை ஓர் அலங்காரமாகவே கொண்டனர். கதையின் உயிர்நிலை அவளிடத்தில் இருக்கிறது என்பதே இங்குக் காட்டக் கருதுவது.

கந்தசாமிப் பிள்ளை வீட்டு வாயிலில் கால் வைத்தவுடன் மகள் ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொள்கிறாள். தனக்கு என்ன கொண்டு வந்தாய் என்று கேட்கிறாள். அவர் தம்மையே கொண்டு வந்ததாகக் கூறுகிறார். நாள்தோறும் உன்னையேதானே கொண்டு வருகிறாய், பொரிகடலையாவது வாங்கி வரலாகாதா என்பது அவள் குறை. பொரிகடலை உடம்புக்கு ஆகாது என்று தந்தை மறுமொழி சொல்கிறார்.

இவ்வுரையாடலைப் படிக்கும் எவரும் நகைப்பர். அந்நகை எதனால் பிறந்தது என்று ஆராய்தல் வேண்டும். பையில் காசு இல்லை என்பதை மகளிடம் சொல்லத் தந்தைக்கு வாய் வரவில்லை. ஆதலின், வறுமையை மருத்துவத்தால் மூடுகிறார். வைத்தியப் பத்திரிகை ஆசிரியரின் வாயில் இச்சாக்கு வருவது எத்துணைப் பொருத்தம்! ஊரார்க்கு உடல்நலம் போதிக்கும் அறிவு, வீட்டில் ஒரு பிடி பொரிக்கு ஈடாக நிற்கிறது. நாம் நகைப்பது குழந்தையை அன்று, தந்தையின் தடுமாற்றத்தை. அத்தடுமாற்றத்தின் அடியில் இருப்பதோ அன்பும் நாணமும் கலந்த ஒரு துயரம். பால்மரத் தோட்டங்களில் சம்பளத்தன்று மட்டும் பலகாரப் பொட்டலம் கண்டு வளர்ந்த தலைமுறையினர்க்கு வள்ளியின் வினா புதிதன்று. அவள் தந்தையின் விடையும் புதிதன்று.

அடுத்து வருவது கதையின் ஆழமான இடம். இது உம்முடைய குழந்தையோ என்று கடவுள் வினவுகிறார். பிள்ளை சற்றே தயங்குகிறார். தாம் இப்போது முழுச் சைவ உணவினர் என்று கடவுள் அவருக்குத் தைரியம் கூறுகிறார். பெரிய புராணம் அறிந்தவர்க்கே இந்நகைச்சுவை முழுதும் விளங்கும். திருச்செங்காட்டங்குடியில் சிறுத்தொண்டர் இல்லத்திற்கு வைரவக் கோலத்தில் வந்த இறைவன், ஒரு குடிக்கு ஒரே மகனாய் உள்ள ஐந்து வயதுப் பிள்ளையைத் தாய் பிடிக்கத் தந்தை அரிந்து கறி சமைக்கக் கேட்டான். சிறுத்தொண்டர் தயங்கவில்லை. சீராளன் பள்ளியிலிருந்து ஓடிவருபவனைப் போல மீண்டு வந்தான் என்பது சேக்கிழார் வாக்கு.

கந்தசாமிப் பிள்ளைக்கோ வள்ளி காலந்தாழ்ந்து பிறந்த ஒரே மகள். அவர் செல்லமாக அழைக்கும் கருவேப்பிலைக் கொழுந்து. அடியாராகும் தகுதி அவரிடம் இல்லை. அவர் தயங்கினார். அந்தத் தயக்கம் அவரை நமக்கு நெருக்கமாக்குகிறது. பெற்றவன் நெஞ்சு அப்படித்தான் துடிக்கும் என்பதை ஒரு நொடித் தயக்கத்தில் ஆசிரியர் காட்டிவிட்டார். சிறுத்தொண்டர் வீட்டில் தெய்வம் குழந்தையைக் கொண்டு தந்தையைச் சோதித்தது. கந்தசாமிப் பிள்ளை வீட்டில் நடப்பதோ வேறு. இங்கே குழந்தை தெய்வத்தைச் சோதிக்கிறது.

வள்ளி கிழவர் மேல் தாவி ஏறுகிறாள். அவர் கழுத்துக் கறையைக் கண்டு நாவற்பழம் என்று கருதிக் கடிக்கப் பார்க்கிறாள். பிறகு, நெருப்புப் பட்ட புண்ணோ என்று இரங்கித் தன் விரல் கொப்புளத்தைக் காட்டுகிறாள். கடவுளும் அது நாவற்பழமே என்றும், வாயில் போட்டபோது கழுத்தைப் பிடித்துவிட்டார்கள் என்றும் ஒரு கதை கட்டுகிறார். ஆலகாலம் உண்ட புராணம் ஒரு சிறுமிக்கு ஏற்ற அளவில் சுருங்கிவிட்டது. தந்தை பொரிகடலைக்குச் சாக்குச் சொன்னார். கடவுள் நஞ்சுக்குச் சாக்குச் சொன்னார். நான்கு வயது மகளுக்கு முன்னே இருவரும் ஒரே நிலையினர்.

பின்பு இருவரும் வட்டாடுகின்றனர். கடவுளின் கால் கரிக்கோட்டில் பட்டுவிடுகிறது, அவர் தோற்கிறார். முன்பே சொல்லியிருக்கலாகாதா என்று கேட்கிறார். ஆட்டம் தெரியாமல் ஆட வரலாமா என்று சிறுமி கடிந்து கொள்கிறாள். மதுரையில் பிள்ளைத்தமிழ் அரங்கேறியபோது அம்மையே சிறுமியாக வந்து திருமலை நாயக்கர் மடியில் அமர்ந்தாள் என்பது வழிவழி வரும் கதை. அங்கே தெய்வம் குழந்தையாயிற்று. இங்கே தெய்வம் தாத்தாவாயிற்று. குழந்தை குழந்தையாகவே இருக்கிறது. அவளுக்குச் சிறப்புச் செய்ய ஆசிரியர் அவளைத் தெய்வமாக்கவில்லை. அவள் பேச்சில் நெல்லை வழக்கின் சாயலையும் அவர் திருத்தவில்லை.

இக்கதைக்குக் குறை சொல்வார் இரண்டு குறை சொல்லலாம். ஒன்று, வள்ளி முற்பகுதியில் மின்னிப் பிற்பகுதியில் ஒளி குன்றுகிறாள்; தெய்வத் தம்பதியர் பிழைப்புக்காக ஆடிக் காட்டும் பகுதியில் கதை வேறு திசை செல்கிறது என்பது. மற்றொன்று, வேடிக்கை முழுவதும் தந்தைக்கே கிடைக்கிறது. வீட்டுச் சுமை தாங்கும் காந்திமதிக்குப் பங்கு குறைவு என்பது.

இரண்டாவது குறை மெய்யானது. மாலையில் வீடு திரும்பும் தந்தைக்கு மகளின் வாய்த்துடுக்கு விருந்தாகிறது. நாள் முழுதும் அத்துடுக்கோடு போராடும் தாய்க்கு அது வேலையாகிறது. தந்தையர் நகைச்சுவை பலவற்றிலும் உள்ள இக்குறை இக்கதையிலும் உண்டு. காந்திமதி வாயிலாக இதே மாலைப்பொழுதைச் சொல்லியிருப்பின் அது வேறொரு கதையாயிருக்கும். அதுவும் வேண்டப்படும் கதையே.

முதற் குறைக்கு மட்டும் கதையின் முடிவே விடை தருகிறது. விடைபெறும் கடவுள், மனிதரிடம் எட்ட நின்று வரம் கொடுக்கலாமே அன்றி உடனிருந்து வாழ இயலாது என்னும் கருத்துப்பட உரைக்கிறார். இதனை வள்ளி வாயிலில் சொன்ன குறையோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். அவள் தந்தை வரம் தர இயலாதவர். ஒரு பிடி பொரியும் தர இயலாதவர். ஆயினும், நாள்தோறும் தம்மையே கொண்டு வருகிறார். குழந்தை எதனைக் குறையாகச் சொன்னாளோ, அதுவே கடவுளால் செய்ய இயலாத செயல் என்று கதை முடிவில் தெரிகிறது. வள்ளி பிற்பகுதியில் மறையவில்லை. அவள் தொடுத்த வழக்கிற்கே தீர்ப்புக் கூறப்படுகிறது.

இக்கதையை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், கடவுளின் நூறு ரூபாய் நோட்டையும் நடனத்தையும் விளக்குவதோடு நிறுத்திவிடுவது வழக்கம். வாயிற்படிக் காட்சியை ஒருமுறை உரக்கப் படிக்கச் செய்து, தந்தை சொன்னது மெய்யா சாக்கா என்று வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம். பெண்பிள்ளைகளே முதலில் கை தூக்குவர். அவர்கள் தத்தம் வீட்டு வாயிலில் அவ்விடையைக் கேட்டிருப்பர். சாக்கு என்று தெரிந்தும் தந்தையின் காலை விடாதிருந்திருப்பர்.