'சடம்' என்னும் சொல்: பொருளும் சார்பும்

மொழி எந்தவொரு வர்க்கத்தினதும் தனியுடைமையன்று. ஆயின் சொற்களை ஆளும் முறை வர்க்கச் சார்புடையது. உயிரின்மையையும் உணர்வின்மையையும் ஒருங்கே சுட்டும் 'சடம்' என்னும் வடமொழிவழிச் சொல் இதற்குத் தக்க சான்றாகும்.

பிறர் துயர் கண்டும் நெகிழாதவரைக் குறிக்க நமது பழைய அறநூல் நாடிய உவமை மரமேயாகும். திருக்குறளின் கண்ணோட்டம், ஊக்கமுடைமை, பண்புடைமை ஆகிய மூன்று அதிகாரங்களிலும் இவ்வுவமை வருகின்றது. தொல்காப்பியமோ மரத்தை ஓரறிவுயிராக வகுக்கின்றது. எனவே 'மரம்' என்னும் பழிப்பு உயிரின்மையைக் குறித்ததன்று. துலங்க வேண்டியவன் துலங்காமையைக் குறித்தது. அது நடத்தை பற்றிய கண்டனம்.

சைவசித்தாந்தத்தில் நிலைமை வேறு. முப்பொருளுள் பாசம் சடம். அது தானே இயங்காது, அதனை இயக்கச் சித்துப்பொருள் வேண்டும். இங்கு இயங்காமை நடத்தையன்று, பொருளின் இயல்பு. பொருள்முதல்வாதத்தைச் 'சடவாதம்' எனப் பெயர்த்தோர், அறிந்தோ அறியாமலோ, இம்முடிவையும் உடன் புகுத்தினர். பொருளின் இருப்புமுறையே இயக்கம் என ஏங்கெல்சு 1878இல் நூலாக வெளிவந்த தமது 'டூரிங்குக்கு மறுப்பு' என்னும் ஆக்கத்தில் நிறுவியதை அப்பெயர் மறைத்துவிடுகின்றது. நமது பாடசாலைப் பௌதிகம் கூறும் 'சடத்துவம்' கூட வெறும் அசைவின்மையன்று. புறவிசை தாக்காதவரை ஓய்விலுள்ளது ஓய்விலும், இயங்குவது இயக்கத்திலும் தொடரும் தன்மையே அது.

இவ்வேறுபாடு இலக்கியத் திறனாய்வுக்கு இன்றியமையாதது. உழைக்கும் மக்களை உணர்ச்சியற்ற சடங்களாகச் சித்திரிக்கும் புனைகதைகளை 'யதார்த்தம்' எனப் பாராட்டுவோர் உளர். அச்சமும் கடனும் வேலையிழப்பும் விளைத்த மௌனத்தை அவர்கள் அம்மக்களின் இயல்பாகக் கொள்கின்றனர். வரலாற்றின் விளைவு அவர்களிடத்துச் சித்தாந்தச் சடமாகிவிடுகின்றது. மலையகத் தோட்டத் தொழிலாளரும் இவ்வாறே நோக்கப்பட்டனர். ஆயின் 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தின்போது பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிரிழந்தமை வரலாறு. சடங்கள் வேலைநிறுத்தம் செய்வதில்லை. சடங்களை அடக்கத் துப்பாக்கியும் வேண்டியதில்லை.

மௌனத்தைச் சித்திரிப்பது தவறன்று. அதனை விளைத்த விசைகளைக் காட்டாது விடுவதே குறைபாடு. அவ்விசைகளைக் காட்டும் படைப்பில் தொழிலாளி வாய்திறவாதிருப்பினும் சடமாகான். துயர் கண்டும் துலங்காதவனையே பழைய அறநூல் மரமென்றது; அவ்வகையில் நோக்கின், அப்பழிப்புக்கு உரியவர் மௌனமாயிருந்த தொழிலாளர் அல்லர், அம்மௌனத்தைக் கேளாத திறனாய்வாளரே எனலாம்.